முப்பத்தெட்டுப் பேர்

அக்டோபர் 14

உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. போன வருடத்தது. அப்பா ஒரு எழுத்துகூட எழுதவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். கிழமைகள் எல்லாம் தப்பு. தேதியை மட்டும் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் இருக்கிறது. இன்று வெள்ளை ஈக்கு.

ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் குரூப். வகுப்பில் முப்பத்தொன்பது பெண்கள். லேபில் பதினோரு கம்ப்யூட்டர். அதில் உயிரோடு இருப்பது நாலு. நெட் இருப்பது ஒன்றில். நெட் உள்ள மெஷின் ஆபீஸ் வேலைக்கு. ஆகவே நாங்கள் படிப்பது மிச்சம் மூன்றில். ஒருத்தி மௌஸைப் பிடிப்பாள், பன்னிரண்டு பேர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ப்ராக்டிக்கல். ஓடாத ப்ரோகிராமை எல்லாம் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, எதிர்ப்பக்கத்தில் வராத விடையையும் வந்ததாக எழுதிக் கட்டம் போடுகிறோம். ஸ்கேல் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான் உட்காருவது நெட் மெஷினில். ரெஜினா மிஸ் பகுதி நேர ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வந்தால் போதும் என்று பேர், ஆனால் தினமும் வருகிறார். கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் ஸ்கூலில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாம் அவர் தலையில்தான். பிள்ளைகளின் வருகை, ரத்த வகை, செருப்பு அளவு, சைக்கிள் வாங்கியாச்சா இல்லையா, எல்லாவற்றையும் தினமும் சைட்டில் ஏற்ற வேண்டும். மிஸ்ஸுக்கு இருப்பது இரண்டு கை. எனக்கு கீபோர்டைப் பார்க்காமல் அடிக்க வரும். மிஸ்ஸின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் எனக்கு மனப்பாடம். டீச்சர்கள் என்னை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

அக்டோபர் 22

இன்று மானம் போனது.

போன வாரம் டெஸ்ட். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்கும் ப்ரோகிராம். கைடில் அப்படியே இருக்கிறது, எல்லோரும் எழுதிவிட்டோம். கைடில் பிரிண்ட் என்ற சொல்லில் கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி அச்சாகியிருக்கிறது போல. முப்பத்தெட்டுத் தாளிலும் அதே வரியில் அதே இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. மிஸ் ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினார். "கைடு அடிச்சவன் தூக்கத்துல தப்பு விட்டிருக்கான். நீங்க முழிச்சுக்கிட்டே விட்டிருக்கீங்க" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு மிஸ் முப்பத்தொன்பதாவது தாளை எடுத்தார். நாகஜோதியுடையது. கைடில் இல்லாத வழி. ஆறே வரி. மிஸ் அதை மூன்றாவது மெஷினில் அடித்துப் பார்த்தார், ஓடியது. மிஸ் அவளைப் பாராட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "நீ நல்லா டைப் அடிக்கிற, சுகப்பிரியா. அவ யோசிக்கிறா" என்றார்.

நாகஜோதி எனக்குப் பக்கத்துத் தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து சேர்ந்து நடந்துதான் ஸ்கூலுக்கு வருகிறோம். அவள் மெஷினைத் தொடாமலே ப்ரோகிராமை ஓட்டுவாள். ஒரு தாளில் கட்டம் போட்டு, இந்த வரியில் இதன் மதிப்பு இவ்வளவு, அடுத்த வரியில் இவ்வளவு என்று எழுதிக்கொண்டே போவாள். வரி வரியாக நடந்து பார்ப்பது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். தப்பு எந்த வரியில் இருக்கிறதோ அங்கே போய் நிற்பாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

வரும் வழியில் அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும். எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 5

நாகஜோதி வீட்டுக்கு அவளுடைய தாய்மாமா வந்திருந்தாராம். அவள் அப்பா லாரியில் போய்ச் செத்ததிலிருந்து அந்த வீட்டில் அவர் சொல்வதுதான். மில்லுக்குப் பெண்களைச் சேர்த்துவிடும் ஆள் ஏற்கெனவே இவள் போட்டோவை வாங்கிப் போயிருக்கிறான். இவள் அழுது அடம்பிடித்து ஒரு பேச்சுக்குக் கொண்டு வந்திருக்கிறாள்.

"மார்ச்சுல பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டேன்னா காலேஜ். இந்த மார்ச்சு மட்டுந்தான். அதுல ஏதாச்சும் ஆச்சுன்னா மறுநாளே மில்லு பஸ்ஸுன்னு மாமா சொல்லிருச்சு" என்றாள்.

அவள் பாஸாகாமல் வேறு யார் பாஸாகப் போகிறார்கள் என்று சொன்னேன். பாவமாகத்தான் இருந்தது. அதே சமயம், காலேஜிலும் இவள் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவாள் என்றும் தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன். டைரிதானே.

நவம்பர் 17

நாகஜோதியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆளில்லை, இவள்தான் போகிறாள். காலையில் பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்றாள். லீவு லெட்டரை நாலாக மடித்து என் கையில் கொடுத்து, வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிடு, மூணு வாரத்தில் வந்துவிடுவேன் என்றாள். வாங்கி ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னலில் கையை நீட்டி மறக்காதே என்று காட்டினாள்.

முதல் பீரியடே கெமிஸ்ட்ரி டெஸ்ட்.

நவம்பர் 18

மழை. கரண்ட் இல்லை. லேப் இல்லை.

நவம்பர் 25

கம்ப்யூட்டர் மறு டெஸ்ட்டில் நான்தான் முதல். மிஸ் என் தாளைத் தூக்கிக் காட்டினார்.

வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டில் நாகஜோதி பெயருக்கு நேரே ஆறாவது நாளாகச் சுழித்துவிட்டு, இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். மில்லுக்குப் போய்விட்டாளாம் என்று பின் பெஞ்சில் யாரோ சொன்னார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லெட்டரை இன்றைக்குக் கொடுத்தால் இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் வந்ததும் அவளே நேரில் சொல்லிக்கொள்வாள்.

டிசம்பர் 2

முதுகு உடைந்துவிட்டது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியலை இன்று ஐந்து மணிக்குள் சைட்டில் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். பட்டியலில் பெயர் இருந்து பரீட்சைக்கு வராவிட்டால் ஸ்கூலின் தேர்ச்சி சதவீதம் போய்விடும். அதனால் படிப்பை நிறுத்தியவர்களை முன்பே பொதுத்தொகுப்புக்குத் தள்ளிவிட வேண்டும் என்று எச்.எம். சொல்லிவிட்டார். பொதுத்தொகுப்பு என்றால் எந்த ஸ்கூலிலும் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் கிடக்கிற இடம்.

ஆர்ட்ஸ் குரூப்பில் நாலு பேர், எல்லோரும் கல்யாணமாகிப் போனவர்கள். எங்கள் வகுப்புக்கு வந்தபோது மிஸ் என்னிடம் நாகஜோதியைப் பற்றிக் கேட்டார். மில்லுக்குப் போய்விட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள் மிஸ் என்றேன். நீ ஒரே பக்கம்தானே, கேட்டாயா என்றார். வீடு பூட்டியிருக்கிறது என்றேன். வீடு பூட்டியிருப்பது உண்மை.

மிஸ் வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினார். பிரிண்டர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பெயரை நீக்கினால் காரணம் கேட்கிறது. ஒரு வரிசை வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலைக்குப் போனார் என்று போட்டால் வீட்டுக்குப் போய் விசாரித்த தேதி கேட்கும். திருமணம் என்று போட்டால் வயதுச் சான்று கேட்கும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார் என்று போட்டால் மட்டும் ஒன்றும் கேட்காமல் முடிந்துவிடும். மணி நாலு ஐம்பது. நெட் வேறு விட்டு விட்டு வந்தது.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. மிஸ் வந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார், எச்.எம்.மும் போட்டார். முடித்துக் கொடுத்தது நான். எச்.எம். என் தலையில் கை வைத்து, நல்லா வருவே என்றார்.

டிசம்பர் 3

பட்டியலை வகுப்பில் சுற்றுக்கு விட்டார்கள். அவரவர் பெயர், பிறந்த தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். முப்பத்தெட்டுக் கையெழுத்து.

டிசம்பர் 15

நாகஜோதி வந்துவிட்டாள். இளைத்துப் போயிருக்கிறாள். அவள் அம்மா தேறிவிட்டார்.

லெட்டர் கொடுக்காமல் இத்தனை நாள் லீவா என்று வகுப்பாசிரியை அவளை நிற்க வைத்தார். சுகப்பிரியாவிடம் கொடுத்தேன் டீச்சர் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் மேசையில் வைத்தேன் டீச்சர் என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. வகுப்பாசிரியை மேசையைக் கிளறிவிட்டு, எனக்கு எந்த லெட்டரும் வரவில்லை, சரி உட்கார் என்றார். பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. பேனாவில் எழுதிய பெயரை யாரும் எங்கேயும் தள்ள முடியாது. அரையாண்டுத் தேர்வுக்கு அவளும் வினாத்தாள் வாங்கிக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வரும் வழியில், "டீச்சர் எங்கயாச்சும் தொலைச்சிருக்கும், விடு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

டிசம்பர் 16

மத்தியானம் சாப்பிடப் போகாமல் நெட் மெஷினில் உட்கார்ந்தேன். பொதுத்தொகுப்புக்குள் போய்த் தேடினேன். அவள் பெயர் இருக்கிறது. திரும்பச் சேர் என்ற பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் பட்டியல் பூட்டப்பட்டது என்று வருகிறது. பதினேழு தடவை அழுத்தினேன்.

மிஸ்ஸிடம் சொல்லலாம். சொன்னால், எப்படிப் போச்சு என்று கேட்பார். திருத்தத்துக்கு எப்படியும் ஒருநாள் திறந்துவிடுவார்கள். அன்று நானே சேர்த்துவிடுவேன், யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஜனவரி 8

இன்னும் திறக்கவில்லை. தினமும் பார்க்கிறேன்.

ஜனவரி 20

பொங்கல் லீவு முடிந்தது. ப்ராக்டிக்கல் அடுத்த மாதம். மூன்று மெஷினையும் நாகஜோதிதான் பார்த்துக்கொள்கிறாள். மிஸ் அவளையே சொல்லிக்கொடுக்க விட்டுவிட்டார். வேலையாட்கள் பட்டியல் ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து ஒருவரை நீக்கி, மிச்சப் பேரைக் காட்டும் பயிற்சி எனக்கு வரவே மாட்டேன் என்றது. நீக்கும் கட்டளையில் யாரை என்று குறிப்பிட மறந்துவிடுகிறேன், பட்டியலே காலியாகிவிடுகிறது. நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடவை சொல்லிக்கொடுத்தாள். "அது நீ சொன்னதைத்தான்டி செய்யும். தானா எதையும் செய்யாது" என்றாள்.

சோறு இறங்கவில்லை. அம்மா கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வந்தது. நெடி வந்தால் கண் இல்லை என்று அர்த்தமாம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 29

தெரிந்துவிட்டது.

ப்ராக்டிக்கலுக்குப் பதிவெண் பட்டியல் வந்தது. வகுப்பாசிரியை ஒவ்வொருவராக வாசித்தார். நாகஜோதி தன் பெயருக்காக எழுந்து பாதி நின்றுகொண்டே இருந்தாள். முப்பத்தெட்டோடு முடிந்தது. டீச்சர், என் பேரு என்றாள். டீச்சர் மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு அவளை ஆபீஸுக்குக் கூட்டிப் போனார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டா, வைத்துவிட்டா போவது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே போனாள்.



பிப்ரவரி 2

மாவட்ட ஆபீஸுக்கு எச்.எம். போய் வந்தார். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார் என்று இருக்கிறதாம், ஏற்றப்பட்டது ரெஜினா மிஸ்ஸின் யூசர் ஐடியிலிருந்தாம். அதற்கு மேல் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாகஜோதியின் மாமா வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை எல்லாம் மஞ்சள் பையில் கொண்டு வந்து காட்டினார். அதெல்லாம் அம்மா படுத்திருந்ததற்குத்தான் ஆதாரம் என்று எச்.எம். சொல்லிவிட்டார்.

வராந்தாவில் நாங்கள் பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எச்.எம். குரல் எப்போதுமே ஓங்கித்தான் இருக்கும்.

"பொண்ணு படிப்ப நிறுத்தலன்னு காட்டணும். அந்த நவம்பர் மாச லீவு லெட்டர் இருந்தாக் குடுங்க. இல்லையா, லெட்டர வாங்குனவுங்க, வாங்குனேன், குடுக்கலன்னு கைப்பட எழுதித் தரணும். ஆறாந்தேதி அஞ்சு மணி வரைக்கும் டயம். ஸ்பெஷல் பர்மிஷன் கேட்டுப் பாப்போம். அதுக்கு மேல இந்த வருஷம் இல்ல."

மாமா எதுவும் வாதாடவில்லை. அப்ப ஏழாம் தேதி மில்லுக்கு அனுப்பிரலாமா சார் என்று மட்டும் கேட்டார்.

என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேசையில் வைத்தேன் என்றேன். வரவே இல்லை என்று வகுப்பாசிரியை சொன்னார். எழுதிக் கொடுத்த தாளைக் காணாமல் போக்குகிற பிள்ளைகளைப் பரீட்சை எழுத விடக்கூடாது என்று எச்.எம். பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

ரெஜினா மிஸ் லேபில் என்னைத் தனியாக நிறுத்தினார். மிஸ்ஸின் கண் வீங்கியிருந்தது.

"நாகஜோதி பேரைத் தொடாத, நான் அவ வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிட்டுச் சொல்றேன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தானடி போனேன்."

கேட்கவில்லை மிஸ் என்றேன். தொட்டாயா என்றார். இல்லை மிஸ், நெட் விட்டு விட்டு வந்தது, தானாகப் போயிருக்கும் என்றேன். மிஸ் என்னையே பார்த்தார். கம்ப்யூட்டர் படித்தவர் அவர், தானாகப் போகாது என்று அவருக்குத் தெரியாதா? மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தார்.

நாளைக்கு எல்லோருடைய ரெக்கார்டு நோட்டையும் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்களாம். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கிடந்த வேண்டாத தாள்களை எடுத்து ஒழுங்கு செய்தேன். வெந்நீர் அடுப்பு நன்றாகப் பிடித்தது. இன்றைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் கொதித்துவிட்டது என்று அம்மா கேட்டாள்.

பிப்ரவரி 6

எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து காலையில் எழுந்தேன். முழுத்தாளில் எழுதியும் வைத்தேன். வாங்கினேன், கொடுக்கவில்லை. இரண்டே சொல். பேரை நீக்கியதை எழுதவில்லை, அது கேட்டால் சொல்லலாம்.

காலையில் எச்.எம். ஆய்வுக்கூட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்தார். மூன்று மணிக்கு ஆபீஸ் வாசல் வரை போனேன். அவர் போனில் இருந்தார். பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். அப்பா ஞாபகம் வந்தது. என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்றுதான் உரக்கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்றால் அவர் அந்தக் கடைப் பக்கமே போகமாட்டார். எச்.எம். போனை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன். முகம் கழுவினேன். மறுபடி போகலாம் என்று நினைத்துக்கொண்டே கழுவினேன். ஐந்து மணி பெல் அடித்தது.

பிப்ரவரி 9

நாகஜோதி ஸ்கூலுக்கு வருவதில்லை. காலையில் தனியாகத்தான் நடக்கிறேன். ரெஜினா மிஸ்ஸும் வருவதில்லை. கவனக்குறைவு என்று எழுதி வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 11

ப்ராக்டிக்கல். வேறு ஸ்கூலிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். சீட்டு எடுத்தேன். வேலையாட்கள் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கி மிச்சப் பேரைக் காட்டு என்று வந்தது. தப்பு விடவில்லை. யாரை என்று சரியாகக் குறிப்பிட்டேன். ஒரே ஒருவர் மட்டும் நீங்கினார். குட் என்றார் சார். இருபதுக்கு இருபது வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மார்ச் 19

கணினி அறிவியல் தேர்வு. எல்லாக் கேள்வியும் தெரிந்தது.

ஏப்ரல் 3

அம்மாவுடன் சந்தைக்குப் போனபோது நாகஜோதியின் அம்மா எதிரில் வந்தார். மெலிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நல்லா எழுதினியா தாயி என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். என் கையிலிருந்த பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டேன்.

மே 9

ரிசல்ட். கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு. அப்பா உரக்கடையில் மிட்டாய் கொடுத்தார். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டுப் பேரும் பாஸ். நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஸ்கூல் வாசலில் ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் என் படம், எச்.எம். படத்தைவிடச் சின்னதாக.

மே 12

எழுதிக்கொண்டு போய் எச்.எம். மேசையில் வைத்துவிட்டேன். இந்தத் தடவை எல்லாம் எழுதினேன். லெட்டரை வாங்கியது, கொடுக்காதது, பேரை நீக்கியது, காரணத்தைத் தேர்ந்தெடுத்தது, மிஸ் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது, லெட்டரை அடுப்பில் போட்டது. ஒன்றரைப் பக்கம்.

எச்.எம். முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்நேரத்தில் இதைக் கொண்டு வந்து கொடுத்தால் நான் என்ன செய்வது என்று கேட்டார். திருத்துங்கள் சார் என்றேன்.

"எதைம்மா திருத்துறது? அந்தப் புள்ள பேரு இப்ப நம்ம லிஸ்ட்டுல எதுலயுமே இல்லையே."

ரெஜினா மிஸ்ஸையாவது திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அந்த இடத்துக்கு ஜூனில் வேறு ஆள் வருகிறாராம். தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்து, காலேஜில் சேருகிற வேலையைப் பார், வெளியில் ஃபிளக்ஸைப் பார்த்தாயா, நல்லா வந்திருக்கு என்றார்.

மே 13

மில் பஸ் மாலை ஐந்தரைக்குப் பால் டெப்போ முன்னால் நிற்கும். அங்கே போய் நின்றேன். பெண்கள் இறங்கினார்கள். எல்லோர் தலைமுடியிலும் பஞ்சு. நாகஜோதி கடைசியில் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் ஓரமாக வந்து நின்றாள். சென்டமா என்றாள். தலையாட்டினேன். சந்தோஷம் என்றாள், உண்மையாகவே சொன்னதுபோல்தான் இருந்தது.

தாளை நீட்டினேன். வாங்காமல், என்ன என்றாள். நீயே படி என்றேன். படித்தாள். முதல் பக்கம் முடிந்ததும் மடித்துவிட்டாள். மிச்ச அரைப் பக்கத்தைப் படிக்கவில்லை. தெரியும் என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"எம்பேரு இல்லைன்னு டீச்சர் சொன்ன அன்னைக்கே. வீட்டுக்குப் போயி ஒரு தாளுல வரி வரியா நடந்து பாத்தேன். லெட்டரு உங்கையில. மெஷினு உங்கையில. வேற யாரு இருக்கா?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. முடியிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே பேசினாள்.

"நாஞ் சொன்னா அது புகாரு. ஒன்னையப் பரீட்சை எழுத விடமாட்டாக. நீயா வந்து சொன்னா மன்னிச்சு விடுவாகன்னு நெனச்சேன். ஆறாந்தேதி நானும் ஸ்கூல்லதான் இருந்தேன். ஆபீசுக்கு எதுத்த ரூமுக்குள்ள ஜன்னல்கிட்ட நின்னேன். மூணு மணிக்கு நீ தாளோட ஆபீஸ் வாசலுக்கு வந்த. எனக்கு உசிரு வந்துருச்சுடி. மாமாட்ட சொல்லணும்னு பைய எடுத்து மாட்டிக்கிட்டேன்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். 

"அப்பறம் நீ மொகங் கழுவப் போன. கழுவிட்டு வருவேன்னு அஞ்சு மணி வரைக்கும் பைய மாட்டிக்கிட்டே நின்னேன்" என்றாள்.

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம், வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 2

காலேஜில் சேர்ந்தேன். பிஎஸ்சி கணினி அறிவியல். சேர்க்கைக்கு வந்த பிள்ளைகளின் விவரங்களைச் சைட்டில் ஏற்ற ஆள் போதவில்லை, டைப் தெரிந்தவர்கள் யாராவது வாருங்கள் என்று ஒரு மேடம் கூப்பிட்டார். அப்பா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். எனக்குத் தெரியாது மேடம் என்றேன்.